லாரிசாவில் விலை இறங்கினால்

லம்ப்ரீனி ஒரு விலையைச் சொல்லிவிட்டால் கிரேக்கத்தின் மலை ஊரான யானினாவில் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். மேயர் சொன்னால் முகத்துக்கு நேராகவே பேசுவார்கள். பாதிரியார் சொன்னால் அவர் முதுகு திரும்பியதும் பேசுவார்கள். லம்ப்ரீனி சொன்னால் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள். ஊர் வாயை அடைத்து வைப்பது லேசுப்பட்ட காரியமா? அவள் அடைத்து வைத்திருந்தாள்.

குளிர்காலம் முழுக்க, காலைச் செய்தி முடிந்ததும் உள்ளூர் ரேடியோவில் போன் வழியாக அவள் குரல் வரும். கரகரப்பான குரல். சிகரெட்டை விட்டுத் தொலைத்த பிறகும் சிகரெட்டின் குரல் அவளை விடவில்லை. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் இன்று லிட்டர் என்ன விலை என்று யானினா, லாரிசா, திரிகலா, செரெஸ், த்ராமா ஆகிய ஐந்து ஊர்களின் கணக்கைப் படிப்பாள். கடைசியில் ஒரே ஒரு வார்த்தை: "வாங்குங்க" அல்லது "பொறுங்க". வணக்கம் கிடையாது, நன்றி கிடையாது, டப்பென்று போனை வைத்துவிடுவாள். அவள் வாங்குங்கள் என்றால் டேங்கர் லாரிகள் தெருத்தெருவாக ஓடும். பொறுங்கள் என்றால் ஊரே வீட்டுக்குள் கோட்டை மாட்டிக்கொண்டு, மூக்கு ஒழுக ஒழுகப் பொறுத்துக்கொண்டிருக்கும்.

அவள் பெரிய படிப்பெல்லாம் படித்தவள் அல்ல. யானினா பஸ் நிலையத்தில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "எல்லாரும் கிளம்பிப் போறதையே பார்த்துட்டு உக்காந்திருந்தவளுக்கு, வர்றவன்மேல எப்படிய்யா நம்பிக்கை வரும்?" என்பாள். கேட்டவர்கள் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள்.

இந்த விலை சமாச்சாரம் அரசாங்கம் எண்ணெய் வரியைக் கண்டபடி ஏற்றிய வருஷத்தில் தொடங்கியது. அப்போது சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டினார்கள். அதே கையோடு எண்ணெய்க்கு வரி. என்ன அநியாயம்! அடுக்குமாடிகளில் பாய்லர்கள் ஒன்றொன்றாக அணைந்தன. ஜனங்கள் பழைய அடுப்புகளைத் தேடியெடுத்து, கிடைத்த மரத்தையெல்லாம் எரித்தார்கள். சிலர் கட்டில் காலையும் எரித்தார்கள். ஊர் ஏரிக்கு மேல் நாள் முழுக்கப் புகை நின்றது. லம்ப்ரீனி அந்த வருஷமும் ஜன்னலுக்குப் பின்னால்தான் இருந்தாள். லாரிசாவிலிருந்து வரும் டிரைவர்கள் காபி குடிக்க வரும்போது, அங்கே எண்ணெய் இவ்வளவு, இங்கே ஏன் அவ்வளவு என்று புலம்புவார்கள். காதில் வாங்கிக்கொண்டே இருந்தவளுக்கு ஒன்று பிடிபட்டது. எண்ணெய் கடற்கரைப் பக்கமிருந்து வருகிறது. முதலில் லாரிசாவில் இறங்குகிறது. மலையைச் சுற்றி எங்கள் ஊருக்கு வந்து சேர்வது பிறகுதான். ஆகவே லாரிசாவில் இன்று ஏறினால் இரண்டு மூன்று நாளில் யானினாவிலும் ஏறும்; அங்கே இறங்கினால் இங்கேயும் இறங்கும்.

அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு ஊர் பஸ் நிலையத்திலும் அவளைப் போல் ஒரு ஆள் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தது. முகத்தைப் பார்க்காமலே பாதி ஆயுசைப் போனில் பேசிக் கழித்தவர்கள். லாரிசாவில் ஜிஸிஸ், த்ராமாவில் பார்த்தெனா என்று ஆளுக்கு ஒரு ஊர். தினமும் எண்ணெய்க் கடைக்குப் போன் போட்டு, வாங்க வந்தவர்கள் போலவே பேரம் பேச வேண்டும். கடை வாசலில் பலகையில் எழுதியிருக்கும் விலை வேண்டாம், ஆயிரம் லிட்டர், ரொக்கம், வீட்டில் கொண்டுவந்து இறக்க என்ன விலை என்று கேட்டு வாங்க வேண்டும். "பலகைல எழுதுறதை என் பூனைகூட எழுதும். வாயால என்ன விலை சொல்றான், அதைச் சொல்லு எனக்கு," என்று பார்த்தெனாவைப் போனில் விரட்டுவாள்.

ஒரு வியாபாரி அவளை வளைத்துப்போடப் பார்த்தான். பொறுங்கள் என்ற வார்த்தையை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லி, ஒரு டின் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வீட்டில் காய்ச்சிய சாராயம் இரண்டு பாட்டிலும் அனுப்பினான். மலை ஆட்டுப் பால் கட்டி, வாசனை படிக்கட்டு வரைக்கும் வந்தது. வாய் ஊற ஊற அதைத் திருப்பி அனுப்பினாள். மறுநாள் ரேடியோவில் வழக்கம் போல் விலை படித்துவிட்டு, "பொறுங்க" என்றாள். அந்த ஒரு நாள் மட்டும் அந்த வார்த்தையைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னதாக ஊரில் பேச்சு.

இப்படிப்பட்டவளுக்குச் சோதனை அவள் சொந்தக் கட்டடத்திலேயே வந்தது.

ஐந்து மாடி, பத்து வீடு, அடித்தளத்தில் ஒரே பாய்லர், ஒரே டேங்க். கட்டட நிர்வாகி லம்ப்ரீனிதான். எண்ணெய் வாங்க வேண்டுமானால் பாதிக்கு மேல் வீடுகள் கை தூக்க வேண்டும், பணத்தைக் கொடுக்க வேண்டும். ஜனவரி நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை டேங்க் காலி. செவ்வாய்க்கிழமை காலையில் லாரிசாவிலிருந்து ஜிஸிஸ் உற்சாகமாகப் போன் செய்தார்.

"லம்ப்ரீனி, இங்க சரசரன்னு இறங்குதும்மா. இன்னிக்கு அஞ்சு சென்ட். நாளைக்கு இன்னும் இறங்கும்னு கடைக்காரனே சொல்றான்."

அவளும் ரேடியோவில் சொன்னாள்: "பொறுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க." கட்டடத்தில் எல்லோரும் திருப்தியாகக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் இரண்டாம் மாடி ஃபோடிஸ் அவள் கதவைத் தட்டினான். கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுடும் பீத்தாக் கடையில் அடுப்படி வேலை செய்பவன். தலைமுடியில் எப்போதும் மாவு இருக்கும். அவன் மனைவி அர்கிரோவுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்து, டிசம்பரிலிருந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஞானஸ்நானம் ஆகாததால் பெயர் கிடையாது. கட்டடமே அதைப் பாப்பா என்றுதான் சொல்லும்.

"அக்கா, பாப்பா தேறிட்டா. வியாழக்கிழமை கூட்டிட்டுப் போகலாம்னு டாக்டர் சொல்றாரு," என்றான்.

"அடேயப்பா! இதை ஏண்டா இழவு சொல்ற மாதிரி சொல்ற?"

"வார்டுல சளிக்காய்ச்சல் பரவுதாம். சீக்கிரம் வீட்டுக்குப் போனா நல்லதுங்கறாரு. ஆனா ஜில்லுனு கிடக்கிற வீட்டுக்கு அனுப்பவே மாட்டேங்கறாரு. கரன்ட் ஹீட்டர் வச்சுப் பார்த்தேன்க்கா, நம்ம பழைய ஒயரிங்குக்கு ஃபியூஸ் பறக்குது."

வெள்ளிக்கிழமை என்று ஊருக்கே சொன்னது லம்ப்ரீனியின் வாய்தான்.

ஃபோடிஸ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு ரேடியோல 'வாங்குங்க'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. லாரிசால ஏறிடுச்சுன்னு சொன்னாப் போதும். நாலாம் மாடிக் கஞ்சக் கிழவரே ஓடி வந்து பணத்தைக் கட்டிடுவாரு. யாருக்குத் தெரியப்போகுது?"

"போய்ச் சாப்பிடுடா," என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

சாத்திவிட்டு அடுக்களையில் கோட்டோடு உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை. அதுவும் ஒரு பச்சைக் குழந்தைக்காக. கடவுளே கோபித்துக்கொள்ளமாட்டார். ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு ஊரில் எத்தனை பேர் கையிலிருப்பதைத் துடைத்து, அதிக விலைக்கு எண்ணெய் வாங்குவார்கள்? ஓய்வூதியம் பாதியானவர்கள், வேலை போனவர்கள், ஐம்பது லிட்டர் வாங்க மூன்று கடை ஏறி இறங்குபவர்கள். அவர்கள் வீட்டிலும்தான் குழந்தைகள் இருக்கின்றன.

புதன்கிழமை காலையில் ஃபோடிஸ் பீத்தாக் கடை ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, மாவு உருட்டுவதை நிறுத்திக் காத்திருந்தான். லம்ப்ரீனி ஐந்து ஊரையும் படித்தாள். லாரிசாவில் இன்னும் மூன்று சென்ட் இறக்கம். கடைசியில், "பொறுங்க."

கொஞ்ச நேரத்தில் அவளே கடைக்கு வந்து ஒரு துண்டு கீரை பீத்தா கேட்டாள். ஃபோடிஸ் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான், பணத்தை வாங்கினான், முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"சாயங்காலம் மீட்டிங். எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். நீயும் வா," என்றாள்.

"வந்து என்னக்கா பண்ணப்போறேன்?"

"வாடான்னா வா."

கூட்டம் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில். நாற்காலி கிடையாது. எல்லோரும் கோட்டும் குல்லாயுமாக நின்றார்கள். பேசும்போது வாயிலிருந்து ஆவி வந்தது. முன்னால் நின்றவர் நாலாம் மாடி அரிஸ்திதிஸ். பால் பண்ணையில் எடைக் கருவிக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சரியான கஞ்சப்பிசினாறி. டேங்கர் லாரி வந்தால் டேங்குக்குள் அளவுக்குச்சியை விட்டுப் பார்ப்பது அவர் பொறுப்பு. இறக்குவதற்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. லாரிக்காரர்கள் அவரைக் கண்டாலே சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

லம்ப்ரீனி சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். பாப்பா நாளைக்கு வர வேண்டும், நாளைக்குள் பாய்லர் எரிய வேண்டும்.

"வெள்ளிக்கிழமை விலை இறங்கும்னு நீங்கதானே அம்மணி சொன்னீங்க? இன்னிக்குக் காலைலகூட?" என்றார் அரிஸ்திதிஸ்.

"சொன்னேன். இறங்கும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா இறங்கும்."

"அப்போ ஒரு நாள் முன்னாடி எதுக்குக் காசைக் கொண்டுபோய்க் கொட்டணும்? குழந்தை இத்தனை நாள் ஆஸ்பத்திரில இருந்தது, இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே."

அர்கிரோவின் கண்ணில் நீர் முட்டியது. ஃபோடிஸ் ஒரு அடி முன்னால் வந்தான், லம்ப்ரீனி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். முதல் மாடி விதவை மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு மட்டும் குழந்தைமேல பிரியம் இல்லையா லம்ப்ரீனி? ஆனா என் பங்குல குறையற காசு எனக்கு ஒரு வாரத்து ரொட்டி. நீ பொறுன்னு சொன்னதாலதானே இந்தக் குளிரைத் தாங்கிட்டிருக்கேன்." அதில் பொய் ஒன்றும் இல்லை. அங்கே நின்றவர்களில் கெட்டவர் யாருமில்லை, சம்பளமும் ஓய்வூதியமும் வெட்டுப்பட்டவர்கள்தான் இருந்தார்கள். மூன்றாம் மாடிக்காரர் சுவரைப் பார்த்தார். மற்றவர்கள் அரிஸ்திதிஸின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

லம்ப்ரீனி குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"சரி, கேளுங்க. நாளைக்கு எண்ணெய் இறங்கட்டும். வெள்ளிக்கிழமை காலைல ரேடியோல யானினா விலை எவ்வளவுன்னு சொல்றேனோ, அதுக்கும் இன்னிக்கு நாம கொடுக்கறதுக்கும் என்ன வித்தியாசமோ, அதை அவங்கவங்க பங்குக்கு நான் என் கையிலேருந்து தர்றேன். ஒரு சென்ட் விடாம."

இறங்குமென்று ஊருக்கே அறிவித்தவள், இறங்கினால் வித்தியாசத்தைத் தானே தருவதாகச் சொல்கிறாள்! ஃபோடிஸுக்கு இப்போதுதான் உறைத்தது. "அக்கா, வேணாம்," என்றான்.

அரிஸ்திதிஸ் கண்ணை இடுக்கினார். "வெள்ளிக்கிழமை விலையைச் சொல்லப்போறதும் நீங்கதானே அம்மணி?"

லம்ப்ரீனியின் முகம் ஜிவ்வென்று சிவந்தது. பஸ் நிலையத்தில் குடிகாரர்கள் திட்டியபோதுகூட அவளுக்கு இப்படிச் சுட்டதில்லை. கேட்டது நியாயமான கேள்வி என்பதால்தான் இன்னும் அதிகமாகச் சுட்டது.

"ஆமா. நான்தான் சொல்லப்போறேன்."

அரிஸ்திதிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார். அவர் தூக்கியதும் மற்ற கைகளும் உயர்ந்தன.

வியாழக்கிழமை காலையில் லாரி வந்தது. அரிஸ்திதிஸ் குச்சியைத் துடைத்து, டேங்கில் விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி துடைத்து, லாரிக்காரனின் உயிரை எடுத்தார். "ஐயா, நான் எண்ணெய் கொண்டாந்திருக்கேன், விஷம் இல்ல," என்று அவன் கெஞ்சினான். "விஷமா இருந்தாலும் அளந்துதான் வாங்குவேன்," என்றார் இவர். மத்தியானத்துக்குள் ரேடியேட்டர்கள் கொதித்தன. சாயங்காலம் பாப்பா வந்தாள். போர்வைக்குள்ளிருந்து ஒரு மூக்குதான் தெரிந்தது, அதுவும் பட்டாணி அளவு. கட்டடமே வாசலில் நின்று, கண் படக்கூடாதென்று துப்பி வரவேற்றது. அர்கிரோ லம்ப்ரீனியைக் கட்டிக்கொண்டு அழுதாள். லம்ப்ரீனியும் அழுதாள், அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, "கதவைச் சாத்துங்கடா, சூடெல்லாம் வெளிய போகுது!" என்று கத்தினாள்.

அன்றைக்கே போனில் ஜிஸிஸ் நடந்ததைக் கேட்டுத் திகைத்துப் போனார்.

"உனக்குப் பைத்தியமா? ரெண்டாயிரம் லிட்டர்! ஓய்வூதியத்துல கால்வாசி காலியாயிடுமே. இதோ பாரு, உங்க ஊர்ல நாலஞ்சு கடை இருக்கு. எந்தக் கடை விலையைப் படிக்கறதுங்கறது உன் இஷ்டம்தானே? கொஞ்சம் கூடுதலா விக்கறவன் விலையைப் படியேன். அதுவும் நிஜ விலைதானே, பொய் ஒண்ணும் இல்லையே."

"ஜிஸிஸ், நீ நல்லவன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"நல்லவன்கறதாலதானேம்மா சொல்றேன்."

"எப்பவும் எந்தக் கடையைப் படிப்பேனோ, அதைத்தான் நாளைக்கும் படிப்பேன். போனை வை," என்றாள் லம்ப்ரீனி. ஆனாலும் வைத்தபிறகு, சும்மா ஒரு தடவை, அந்தக் கூடுதல் விலைக் கடைக்கும் போன் போட்டு விசாரித்துப் பார்த்தாள். மனுஷிதானே.

வெள்ளிக்கிழமை பனி கொட்டி மலைப்பாதை அடைபட்டது, விலை இறங்கவேயில்லை, அவள் பிழைத்தாள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி ஒரு மண்ணும் நடக்கவில்லை. வானம் பளிச்சென்று இருந்தது. விலை அவள் எண்ணியதைவிட அதிகமாகவே இறங்கியிருந்தது. கட்டடத்தில் பத்து வீட்டிலும் ரேடியோ ஓடியது. ஊரில் அன்றைக்கு விலை இறங்கக் கூடாதென்று வேண்டிக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பத்து வீட்டில்தான் இருந்திருப்பார்கள். லம்ப்ரீனி அதே கரகரப்பில், அதே வேகத்தில், யானினா விலையைப் படித்தாள். லிட்டருக்கு ஒன்பது சென்ட் இறக்கம். "வாங்குங்க," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

பிறகு வங்கிக்குப் போய் வந்து, பணத்தைப் பங்கு பிரித்து உறைகளில் போட்டு, மாடி மாடியாக ஏறினாள். முதல் மாடி விதவை உறையைத் தொடவே மறுத்தாள். "கெளம்பு, கெளம்பு. சூட்டுல முட்டி வலி போயிடுச்சு, அதுவே போதும்." மூன்றாம் மாடிக்காரர் கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே வேண்டாம் என்றார். ஃபோடிஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இதை வாங்கினா என் கை வெந்துடும்க்கா. கோயிலுக்குக்கூட அப்புறம் போகமுடியாது."

ஐந்து மாடியும் ஏறி இறங்கியும் ஒரு உறைகூடக் குறையவில்லை. ஜனங்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் லம்ப்ரீனிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இது என்ன, பிச்சைக்காரிக்குப் பாவம் பார்க்கிற மாதிரி! கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கொடுத்த வாக்கு வெறும் நாடகமாகப் போய்விடுமா?

இரண்டாம் மாடிப் படியில் அவள் மூச்சு வாங்கி நின்றபோது, கீழேயிருந்து அரிஸ்திதிஸ் ஏறி வந்தார். வெளியே போயிருந்தாராம், இப்போதுதான் வந்தாராம்.

"என் பங்கு எங்க அம்மணி?" என்று சத்தமாகக் கேட்டார்.

மேலும் கீழும் கதவுகள் திறந்தன. "வெக்கமா இல்லையாய்யா உமக்கு?" என்று முதல் மாடியிலிருந்து விதவை கத்தினாள். "பொணத்து மேல கெடக்கற காசையும் பொறுக்குவீரு!" என்றார் மூன்றாம் மாடிக்காரர். அரிஸ்திதிஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உறையைப் பிரித்தார், எண்ணினார், சில்லறையைக்கூட விடாமல் எண்ணினார். சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"சரியா இருக்கு," என்றார்.

லம்ப்ரீனி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒன்பது சென்ட்தானான்னு வேற கடைல விசாரிச்சீங்களா?"

"எதுக்கு?" என்றார் அவர். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "அதான் ரேடியோல நீங்க சொல்லிட்டீங்களே."

பாலை அளந்தவர், எண்ணெயை இருமுறை அளப்பவர், தன் சொந்தத் தம்பி கொடுக்கும் முட்டையைக்கூடக் குலுக்கிப் பார்ப்பவர் சொன்ன வார்த்தை அது. லம்ப்ரீனிக்குக் கண் கலங்கிவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டு முழுக்க எதிரொலிக்கும்படிக் கத்தினாள்:

"கேட்டீங்களா எல்லாரும்? என்னை நம்பினது இந்த ஒரு மனுஷன்தான்! நான் சொன்னது நிஜம்னா வந்து வாங்கிக்குங்க. பொய்னா நீயே வெச்சுக்கோன்னு சொல்லுங்க, நாளையிலேருந்து நான் ரேடியோல வாயைத் திறக்கல!"

முதல் மாடி விதவை முனகிக்கொண்டே மேலே ஏறி வந்து உறையை வாங்கிக்கொண்டாள். மூன்றாம் மாடிக்காரர் இறங்கி வந்தார். ஒவ்வொருவராக வந்தார்கள், தலையைக் குனிந்துகொண்டே வாங்கினார்கள். கடைசியில் ஒரே ஒரு உறைதான் மிச்சம்.

ஃபோடிஸ் தன் வீட்டு வாசலில் நின்றான். அவனுக்குப் பின்னால், சூடான அறையிலிருந்து பாப்பா அழும் சத்தம் கேட்டது.

"அக்கா, அன்னிக்கு நான் உங்களைக் கேட்டது..."

"விலை இறங்குச்சாடா இல்லையா?"

"இறங்குச்சுக்கா," என்று சொல்லி, ஃபோடிஸ் கையை நீட்டினான்.